விட்டதைப் பிடிக்கும் மூளை

2024 மார்ச் மாதம் தென்கொரியாவின் சோல் நகரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி சீசனின் முதல் ஆட்டத்தை ஆடி முடித்த சூட்டோடு, இப்பெய் மிஸுஹாராவுக்கு வேலை போனது. ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானிக்குப் பல வருடங்களாக மொழிபெயர்ப்பாளராகவும் நிழலாகவும் இருந்தவர் அவர். ஓட்டானியின் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு சட்டவிரோத புக்கிக்குக் கோடிக்கணக்கில் பணம் போயிருந்தது. அனுப்பியது ஓட்டானி அல்ல, அவருக்குத் தெரியாமல் மிஸுஹாரா. அடுத்த மாதம் அமெரிக்க அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், புக்கியின் பேரேட்டிலிருந்து எடுத்த கணக்கு இருக்கிறது. சூதாட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட பல ஆய்வுக் கட்டுரைகளைவிட அந்த அரைப் பக்கம் அதிகம் சொல்கிறது.

2021 டிசம்பரிலிருந்து 2024 ஜனவரி வரை அவர் கட்டிய பந்தயங்கள் சுமார் 19,000. மிகச் சிறியது 10 டாலர், மிகப் பெரியது 1,60,000 டாலர். தோற்ற பந்தயங்களின் மொத்தம் 18.3 கோடி டாலர். ஜெயித்த பந்தயங்களின் மொத்தம் 14.2 கோடி டாலர். நிகர நஷ்டம் நாலு கோடி டாலருக்கு மேல்.

பத்திரிகைகள் நஷ்டத்தைத் தலைப்பாக்கின. எனக்குக் கண்ணில் உறுத்துவது மற்ற எண்கள். 25 மாதத்தில் 19,000 என்றால் தினமும் 25 பந்தயம். விழித்திருக்கும் நேரத்தை 16 மணி என்று வைத்துக்கொண்டால், நாற்பது நிமிடத்துக்கு ஒன்று. சாப்பிடும்போது, பேருந்தில் போகும்போது, ஓட்டானி பேட்டி கொடுக்க இவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த நாட்களிலும்கூட. அடுத்து, அந்த 14.2 கோடி. இந்த மனிதர் ஆயிரக்கணக்கான முறை ஜெயித்திருக்கிறார். பணம்தான் வேண்டும் என்றால் எந்த ஒரு நல்ல வாரத்திலும் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஜெயித்த பணம் அவருக்குப் பணமாகவே தெரியவில்லை, அடுத்த பந்தயத்துக்கான முதலாகத்தான் தெரிந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் 57 மாதச் சிறைத்தண்டனை விதித்த நீதிமன்றம், ஓட்டானிக்கு ஏறத்தாழ 1.7 கோடி டாலர் திருப்பித் தரவும் உத்தரவிட்டது.

இதைப் பேராசை என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், மீள்வதற்கான வழியும் கண்ணில் படாது. பேராசைக்காரனுக்கு நஷ்டம் வந்தால் நிறுத்துவான். இங்கே நஷ்டம்தான் எரிபொருள். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த ஒற்றை எண்ணம் எப்படி மூளையைப் பிடிக்கிறது, எப்படி விடுகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்ப் பட்டியலில் சூதாட்ட நோயைச் சேர்த்தபோது, திருட்டு வெறி, தீ வைக்கும் வெறி போன்ற உந்துதல் கோளாறுகளோடு அதை உட்கார வைத்தது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் இடம் மாற்றினார்கள்: இப்போது அது மது, அபின் ஆகியவற்றின் அடிமைத்தனங்களோடு ஒரே அத்தியாயத்தில். உடம்புக்குள் எதுவும் போகாமலே உண்டாகும் அடிமைத்தனம் என்று அந்த நூல் முறையாக ஏற்றுக்கொண்ட முதல் நோய் இதுதான். (திருக்குறளின் அதிகார வரிசையில் 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தோன்றியவருக்கு மூளை ஸ்கேன் தேவைப்படவில்லை.) நோயை அடையாளம் காண ஒன்பது அறிகுறிகள் உண்டு, ஒரு வருடத்துக்குள் அவற்றில் நாலு இருந்தால் போதும். கட்டும் தொகை கூடிக்கொண்டே போவது, நிறுத்தினால் எரிச்சல், பொய், வேலைக்கோ குடும்பத்துக்கோ ஆபத்து, மற்றவர்கள் வந்து கடனை அடைக்கும் நிலை. இவற்றின் நடுவில் இருப்பது, இன்று தோற்றதை மீட்க நாளை மறுபடி வருவது.

தோற்றதை மீட்கத் துடிப்பது நோயாளிக்கு மட்டும் உரிய குணமல்ல. டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி: 3,000 கண்டிப்பாகப் போகும், அல்லது 4,000 போவதற்கு 80 சதவீத வாய்ப்பு, எதுவும் போகாமலிருக்க 20 சதவீத வாய்ப்பு. எதைத் தேர்வு செய்வீர்கள்? கணக்குப்படி இரண்டாவதில் சராசரி நஷ்டம் 3,200, அதாவது அது மோசமான பேரம். ஆனால் கேட்கப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர் அதைத்தான் எடுத்தார்கள். லாபத்தில் இருக்கும்போது நாம் கைக்கு வந்ததைப் பத்திரப்படுத்துகிறோம். நஷ்டத்தில் இருக்கும்போது, அதை நஷ்டம் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் செய்வோம். எல்லா மனிதருக்குள்ளும் உள்ள இந்தக் கோணலை நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை சீண்டினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் மிஸுஹாராவின் பேரேடு.

சீண்டுவது யார் என்பதற்கு மூளைக்குள் போக வேண்டும். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களை ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டவர். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழரசம் விழுந்தால் அந்தச் செல்கள் துடிக்கின்றன. ரசத்துக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிவிட்டால், துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிடுகிறது, ரசம் வரும்போது செல்கள் சும்மா இருக்கின்றன. விளக்கு எரிந்தும் ரசம் வராவிட்டால் அவற்றின் வழக்கமான துடிப்பே ஒரு கணம் அடங்கிப்போகிறது. ஆக, டோபமைன் அளப்பது இன்பத்தையல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. 2003இல் அவரும் சகாக்களும் இன்னொன்றையும் கண்டார்கள். விளக்குக்கும் ரசத்துக்கும் இடைப்பட்ட அந்த ஓரிரு நொடிகளில் டோபமைன் செல்களின் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. ரசம் நிச்சயம் வரும் என்றாலோ, நிச்சயம் வராது என்றாலோ அந்த ஏற்றம் இல்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், சரிபாதி வாய்ப்பு என்னும்போதுதான் அது உச்சம். இதற்குச் சரியான பொருள் என்ன என்று ஆய்வாளர்கள் பின்னால் நிறையச் சண்டை போட்டார்கள். ஆனாலும் புக்கியிடம் பந்தயம் கட்டியவர் எவரும் அந்த வரைபடத்தைப் பார்த்தால் தன்னை அடையாளம் கண்டுகொள்வார்.

குரங்கிலிருந்து மனிதனுக்குத் தாவுவது சரியா என்று கேட்கலாம். விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 11 பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கை நடுக்கத்துக்காக டோபமைனைப் போலவே வேலை செய்யும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டவர்கள். அதன்பிறகு சூதாட்டம் தலைக்கேறி, பணத்தைத் தொலைத்தார்கள். மாத்திரையைக் குறைத்ததும், தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களிடம் ஆசை வடிந்துபோனது. ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று பேசுவோருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இனி ஒரு டி20 ஆட்டத்தைப் பந்தயம் கட்டுபவரின் கண்ணால் பார்க்கலாம். முன்பெல்லாம் யார் ஜெயிப்பார் என்று ஆட்டத்துக்கு முன் ஒரு தடவை கட்டுவதோடு சரி, முடிவுக்கு ராத்திரி வரை காத்திருக்க வேண்டும். இப்போது டாஸுக்கு ஒரு பந்தயம். முதல் ஆறு ஓவரில் 52 ரன் வருமா வராதா என்று ‘செஷன்’ பந்தயம். அடுத்த பந்தில் பவுண்டரியா, விக்கெட்டா? கைபேசித் திரையில் விலை நொடிக்கு நொடி மாறுகிறது. ஒரு ஆட்டத்தில் வைடும் நோபாலும் போக 240 பந்துகள், அதாவது விளக்கு 240 முறை எரிகிறது. செஷனில் 51இல் நின்றுபோனால் அது ஒரு ரன்னில் போன பணம். கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் 2009இல் செய்த ஸ்கேன் ஆய்வில், மயிரிழையில் தவறிய தோல்வி மூளையில் வெற்றிக்குரிய பகுதிகளையே தூண்டியது. ஆட்டக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் இன்னொரு தடவை ஆட வேண்டும் என்ற விருப்பத்தைக் கூட்டியது. அவர் பயன்படுத்தியது சூதாட்ட இயந்திரம் போன்ற ஒரு விளையாட்டு. கிரிக்கெட்டில் மயிரிழைத் தோல்விகளைத் தனியாகத் தயாரிக்க வேண்டியதே இல்லை, கடைசி ஓவர் தானாகவே கொடுக்கும்.

விளையாட்டுப் பந்தயக்காரருக்கு லாட்டரிக்காரரைவிட ஒரு பெரிய சங்கடம் உண்டு. அவருக்கு உண்மையிலேயே விஷயம் தெரியும். பிட்ச் எப்படி, பனி விழுமா, இடது கை பேட்ஸ்மேனுக்கு எந்தப் பந்துவீச்சாளர் ஒத்துவரமாட்டார் என்றெல்லாம் அரை மணி நேரம் பேசுவார், பெரும்பாலும் சரியாகவே. கனடாவின் கியூபெக்கில் ராபர்ட் லாதுசேரும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஐஸ் ஹாக்கிப் பந்தயத்தில் ஊறியவர்களின் தேர்வுகளைக் குருட்டாம்போக்கில் செய்த தேர்வுகளோடு ஒப்பிட்டார்கள். முடிவைக் கணிப்பதில் அனுபவசாலிகள் கொஞ்சம் மேல். கையில் வந்த பணத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை. காரணம் எளிது: அவருக்குத் தெரிந்ததெல்லாம் விலை போடுபவருக்கும் தெரியும், அதை விலையிலேயே சேர்த்துவிடுவார்.

அந்த விலையையும் பார்த்துவிடலாம். சரிபாதி வாய்ப்புள்ள ஒரு பந்தயத்தில் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் 190 தருவார்கள். இருவர் ஆளுக்கொரு பக்கம் 100 கட்டினால் புக்கியிடம் 200 சேர்கிறது, 190 போக 10 மிச்சம். நூற்றுக்கு 5 அவருக்கு. கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 53 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். 74 ஆட்டங்கள் உள்ள ஒரு ஐபிஎல் சீசனில், ஆட்டத்துக்குப் பத்துத் தடவை ஆயிரம் ரூபாய் கட்டுபவர் 7,40,000 ரூபாயைச் சுழற்றுகிறார். சராசரியாக 37,000 நஷ்டம். இது பதறாமல், தொகையைக் கூட்டாமல், நிதானமாக ஆடுபவரின் கணக்கு. விட்டதைப் பிடிக்க ஆயிரத்தை இரண்டாயிரமாக்கி, நாலாயிரமாக்கி ஆடுபவருக்குச் சுழற்சி எகிறுகிறது, அதே ஐந்து சதவீதம் அதன்மேல் விழுகிறது. கந்துவட்டியும் கடன் செயலியும் நகை அடகும் கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்.

எப்படி வெளியே வருகிறார்கள்? முதலில் ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் நடந்த இரண்டு தேசிய ஆய்வுகளை வெண்டி ஸ்லட்ஸ்கி 2006இல் அலசியபோது, வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே மீண்டிருந்தார்கள். மீளவே முடியாத நோய் என்பது தவறான பேச்சு. ஆனால் மன உறுதியை மட்டும் நம்பி, கையில் கைபேசியையும் கணக்கில் சம்பளத்தையும் வைத்துக்கொண்டு உட்காருவது, மிஞ்சியவர்களில் பெரும்பாலோருக்குப் பலிப்பதில்லை.

சிகிச்சையின் முதல் வேலை கொஞ்சமும் கம்பீரமில்லாதது: ஆசைக்கும் பந்தயத்துக்கும் நடுவில் நேரத்தை நுழைப்பது. வெறியின் உச்சம் நிலைத்திருப்பதில்லை. அடிமைத்தன உளவியலாளர் ஆலன் மார்லட் அதைக் கடலலை என்றார். எழும், உச்சிக்குப் போகும், உடையும். எதிர்த்து நின்றால் அடித்துத் தள்ளும், மேலே ஏறிக் காத்திருந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் கரை சேர்க்கும். புக்கிக்கு வேண்டியதெல்லாம் அந்த அரை மணிக்குள் உங்கள் விரல் திரையைத் தொடுவது. பிரிட்டனில் மான்ஸோ என்ற வங்கி 2018இல் தன் செயலியில் ஒரு பொத்தானை வைத்தது. அதை அழுத்தினால் சூதாட்ட நிறுவனங்களுக்குப் பணம் போகாது. தடையை நீக்க வேண்டுமென்றால் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த 48 மணி நேரம்தான் மருந்து. அதே வருடம் வந்த கேம்ஸ்டாப் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டால், உரிமம் பெற்ற எந்த இணையதளமும் உள்ளே விடக்கூடாது. 2020 முதல் எல்லா நிறுவனங்களுக்கும் இது கட்டாயம். கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டுவதும் அதே வருடம் அங்கே தடை செய்யப்பட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு. பணம் கட்டி ஆடும் ஒரு செயலியின் பெயர் தேசிய அணியின் சட்டையிலேயே இருந்த காலம் போய், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண விளையாட்டுச் செயலிகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்தது. ஆடுபவரைத் தண்டிக்காமல் நடத்துபவரைத் தண்டிக்கும் சட்டம் என்ற அளவில் அது விவேகமானது. ஆனால் வெளிநாட்டுத் தளங்களும் டெலிகிராம் குழுக்களும் தெருமுனை புக்கியும் எந்தப் பதிவேட்டுக்கும் கட்டுப்பட்டவர்களல்ல. ஆகவே வேலியை வீட்டுக்குள்ளேயே போட வேண்டியிருக்கிறது. சம்பளம் வேறொருவரும் பார்க்கக்கூடிய கணக்குக்குப் போகட்டும். யூபிஐ வரம்பைச் சில நூறு ரூபாய்க்கு இறக்கலாம். புக்கியின் எண்ணையும் குழுக்களையும் அழித்து, சிம்மையே மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. நகையும் ஏடிஎம் அட்டையும் மனைவியிடமோ அண்ணனிடமோ இருக்கட்டும். பெரிய ஆளுக்கு இது அவமானமாகத் தோன்றும்தான். இங்கிலாந்துக்காக 125 ஆட்டங்களில் கோல்கீப்பராக நின்ற பீட்டர் ஷில்டன் 45 வருடம் பந்தயப் பழக்கத்தில் இருந்தவர். வெளியே வந்தது மனைவி ஸ்டெஃப் துணையோடு என்று அவரே சொல்கிறார். இருவரும் சேர்ந்து 2021இல் புத்தகமும் எழுதினார்கள்.

நேரம் கிடைத்த பிறகுதான் தலைக்குள் உள்ள கணக்கைத் திருத்த முடியும். சிபிடி எனப்படும் சிந்தனை–நடத்தைச் சிகிச்சைக்குத்தான் இதுவரை வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆரம்ப அமர்வுகளில் ஒன்று பெரும்பாலும் இப்படிப் போகும்: கடைசியாகக் கட்டிய பந்தயத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தைப் பின்னோக்கி எழுதச் சொல்வார்கள். அலுவலகத்தில் திட்டு வாங்கியது, சம்பளக் குறுஞ்செய்தி, தனியாக இருந்தது, டிவி, பிறகு வந்த எண்ணம். ‘இந்தப் பிட்சில் 160 தாண்டாது, எனக்குத் தெரியும்.’ அந்த வாக்கியத்தின் பக்கத்திலேயே, இதே போல ‘எனக்குத் தெரியும்’ என்று கட்டிய முந்தைய பந்தயங்கள் என்ன ஆயின என்று வங்கிப் பட்டியலைப் பார்த்து எழுத வேண்டும். ஜெயித்தவை பெயரோடும் ஊரோடும் நினைவிருக்கும். தோற்றவற்றில் பாதி அந்தக் காகிதத்தில்தான் முதல்முறையாக வெளிச்சத்துக்கு வரும். நான்சி பெட்ரி 2006இல் 231 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சுயஉதவிக் கூட்டங்களுக்குப் போகச் சொன்னதோடு விட்டவர்களைவிட, எட்டு அமர்வுகள் நேரில் சிகிச்சை பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். எட்டு அமர்வு என்பது இரண்டு மாதம், அவ்வளவுதான்.

மாத்திரை கேட்பவர்களுக்கு: குடிநோய்க்குக் கொடுக்கும் நால்ட்ரெக்ஸோன் சிலருக்கு உந்துதலைத் தணிக்கிறது. பேச்சுச் சிகிச்சை பலிக்காதபோது அதைப் பரிசீலிக்கலாம் என்று 2025 ஜனவரியில் பிரிட்டன் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. மனநல மருத்துவர் பார்த்துத் தர வேண்டியது அது.

எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதி கடன். ‘இந்த ஒரு தடவை அடைச்சுக் குடுத்துடுங்கம்மா, இனிமே தொடமாட்டேன்’ என்று மகன் சொல்லும்போது எந்தத் தாயும் வளையலைக் கழற்றத்தான் செய்வாள். அவன் பொய் சொல்வதாகக்கூட நினைக்க வேண்டாம், அந்த நிமிடத்தில் அது உண்மைதான். ஆனால் கடன் மொத்தமாக ஒரே நாளில் மறைந்தால், மூளைக்கு அது எதிர்பாராமல் அடித்த பெரிய வெற்றி. நஷ்டத்துக்கு முகம் கொடுக்காமலே ஆட்டம் தொடக்கப் புள்ளிக்குத் திரும்பிவிடுகிறது. அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் குடும்பத்திடம் சொல்வது: பணத்தை அவர் கையில் தராதீர்கள், முழுக்கடன் பட்டியலையும் ஒரே தாளில் வாங்குங்கள், தவணையை அவர் சம்பளத்திலிருந்தே நேராகக் கடன்காரருக்குப் போக விடுங்கள். ஐந்து வருடம் ஆகும் என்றால் ஐந்து வருடம். போன பணம் போனதுதான் என்று மாதாமாதம் ஒப்புக்கொள்ளும் சடங்கு அது. பந்தயத்தில் அதைத் திருப்பிப் பிடிக்கலாம் என்ற நினைப்பு அதில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

கடன் வெளிப்படும் நாட்கள்தான் ஆபத்தானவை. ஸ்வீடனில் சூதாட்ட நோய் உறுதி செய்யப்பட்டவர்களைத் தேசியப் பதிவேட்டில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, அவர்களிடையே தற்கொலை மரணம் பொதுமக்களைவிட 15 மடங்கு என்று கண்டது. வீட்டில் கணக்கு அம்பலமான அன்று திட்டுவதைத் தள்ளிப்போடலாம், அவரைத் தனியாக விடக்கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆறு மாதம் தொடாமல் இருந்தவருக்கு மார்ச் பிறந்ததும் கை பரபரப்பது ஏன்? பழகிய தொடர்பை மூளை அழிப்பதில்லை. மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறுவதை மறந்துவிட்டதாகத் தெரிந்த பாவ்லோவின் நாய்களுக்கு, சில காலம் கழித்து மீண்டும் ஊறியது. பழைய பாடத்தின் மேல் புதிய பாடம் எழுதப்படுகிறது, பழையது அடியில் இருக்கிறது. அதுவும் எந்த இடத்தில், எந்தச் சூழலில் எழுதப்பட்டதோ அங்கேதான் புதியது நன்றாக வேலை செய்கிறது என்று மார்க் பூட்டனின் ஆய்வுகள் காட்டின. பிப்ரவரியில் கிடைத்த அமைதி ஐபிஎல் தொடக்க நாளில் செல்லுபடியாகும் என்று நம்ப முடியாது. அதனால் முதல் சீசனில் நேரலையைத் தவிர்ப்பதே நல்லது. முடிவு தெரிந்த பிறகு மறுநாள் ஹைலைட்ஸ் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஷாட்டின் அழகு அப்படியே இருக்கும், பந்தயத்துக்கு வேண்டிய அந்தச் சரிபாதிச் சந்தேகம் மட்டும் இருக்காது.

சறுக்கல் வரலாம். மார்லட் இதையும் படித்திருக்கிறார்: ஒரு தடவை தவறியதும், ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்ற நினைப்பு வந்து, தவறியதைவிடப் பெரிய சேதத்தை அதுவே செய்கிறது. இதை எதிர்பார்த்து, சிகிச்சை முடியும் முன்பே ஒரு தாளில் திட்டம் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். சறுக்கிய அன்று இரவே யாரிடம் சொல்வது, கைபேசியை யாரிடம் கொடுப்பது, எந்த நாளில் சிகிச்சையாளரைப் பார்ப்பது. கடைசி வரியில் தொகையை எழுத இடம் விட்டிருக்கும். ஆயிரம் போயிருந்தால் ஆயிரம் என்று எழுதி, மாதக் கடன் தவணைப் பட்டியலின் கீழே சேர்த்துக்கொள்ள வேண்டும்.